மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பிப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், ஓவியர் ஆவார். மாதவையா கிருஷ்ணன் என்பது இவரது முழுப்பெயர். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் இளைய மகன். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த தி ஸ்டேட்ஸ்மன் என்னும் ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய தொடர்பத்தி எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே ஒன்று சேர்த்து அமைத்துக்கொண்ட, முற்றிலும் கையால் இயக்கப்படும் ஒளிப்படக்கருவியைக் கொண்டு இந்தியக் காடுகளின் பெரும் பாலூட்டிகளைக் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தவர் என்ற வகையிலும் நினைவுகூரப்படுகிறார். 1960 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார்.

பிறப்பும் குடும்பமும்

கிருஷ்ணன் 1912 ஆம் ஆண்டு திருநெல்வேலியில், எட்டுப் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டம் கிழக்கே தூத்துக்குடிக் கடற்கரை முதல் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை வரை பரந்திருந்தது. மலையடிவாரத்து ஊர்களான சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, குற்றாலம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியிருந்தன. 1986 இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019 இல் தென்காசி மாவட்டமும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. ஒரே மாவட்டத்துக்குள் உப்பளமும் பனங்காடும் முட்புதரும் தாமிரபரணிக் கரை வயலும் மழைக்காடும் அமைந்திருந்த நிலம் அது.

இவரது தந்தை அ. மாதவையா (1872 - 1925) பெருங்குளம் என்னும் ஊரைச் சேர்ந்தவர். சென்னை மாகாண அரசின் உப்பு மற்றும் சுங்கத் துறையில் பணியாற்றியவர். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலாலும் பஞ்சாமிர்தம் என்னும் இதழாலும் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர். ஓய்வுக்குப் பின் சென்னை மயிலாப்பூரில் குடியேறித் தம் இல்லத்துக்குப் பெருங்குளம் இல்லம் எனத் தம் ஊரின் பெயரையே சூட்டினார். 1925 ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தவுடன் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

கிருஷ்ணனின் தமையனாரான மா. அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். தி சில்வர் பில்கிரிமேஜ் என்னும் ஆங்கில நாவலை எழுதியவர்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணனின் சிறுவயதில் மயிலாப்பூர்ப் பகுதி இன்றுபோல் நெருக்கமான நகரமாக இருக்கவில்லை. புதர்களும் திறந்த வெளிகளும் இருந்தன. பறவைகளும் நரிகளும் நகரத்தின் ஓரத்திலேயே காணக் கிடைத்தன. பதினோரு வயதில் அவர் கீரி ஒன்றை வளர்த்துவந்தார்.

இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் 1927 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று தாவரங்களைக் கண்டறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஃபைசனின் துணைவியாரான டயானா ரூத் ஃபைசன் தாவர ஓவியத்தில் வல்லவர். நீர்வண்ண ஓவிய நுட்பங்களைக் கிருஷ்ணன் அவரிடம் கற்றார். இலையின் விளிம்பையும் நரம்பமைப்பையும் பிழையின்றி வரையக் கற்ற அப்பயிற்சி அவரது கண்ணைக் கூர்மையாக்கியது. பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குரிய கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார்.

பின்னர் முதுகலையும், 1936 இல் சட்டமும் படித்து முடித்தார். எனினும் தேர்வுகளில் சிறந்த மதிப்பெண்கள் பெறாததால் நிலையான வேலை எளிதில் கிடைக்கவில்லை. சிற்றிதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் கேலிச்சித்திரங்கள் வரைந்தும் வருமானம் தேடினார். இவரது மனைவியின் பெயர் இந்துமதி.

சண்டூர் அரசில் பணி

1942 ஆம் ஆண்டில் பெல்லாரியை அடுத்த சண்டூர் என்னும் சிறு மன்னராட்சிப் பகுதியின் அரசர் கிருஷ்ணனைப் பணியில் அமர்த்தினார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே அவர் வகித்தார். பணி நேரம் போக எஞ்சிய பொழுதைக் காடுகளில் கழித்தார். ஆடு மேய்த்தும் பார்த்தார். செய்தி கொண்டுசெல்லும் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். தக்காண மேட்டுநிலத்தின் முட்காடும் பாறைக் குன்றுகளும் அவருக்கு நன்கு அறிமுகமாயின.

1949 இல் சண்டூர் அன்றைய சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. மன்னராட்சி முடிவுக்கு வந்ததும் கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் இறுதிவரை எந்த அலுவலகத்திலும் ஊதியப் பணியில் சேராமல் எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார். காட்டுயிர் ஒளிப்படம் என்பதை ஒரு தொழிலாக எவரும் கருதாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு இது.

எழுத்துப் பணி

1950 ஆம் ஆண்டில் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் நாட்டுப்புறக் குறிப்பேடு எனப் பொருள்படும் தலைப்பில் இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் பத்தியை எழுதத் தொடங்கினார். யானை, புலி போன்ற பெரிய விலங்குகளுக்கு மட்டுமன்றி, வீட்டுச் சுவரில் திரியும் பல்லிக்கும் அணிலுக்கும் காகத்துக்கும் தெருவோர மரத்துக்கும் அதில் இடம் இருந்தது. ஜங்கிள் அண்ட் பேக்யார்ட் (1961), நைட்ஸ் அண்ட் டேஸ் (1985) ஆகியவை அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்களுள் குறிப்பிடத்தக்கவை.

தமிழிலும் அவர் எழுதினார். பறவைகள், விலங்குகள் பற்றிய இவரது தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக வெளிக்கொணர்ந்தார். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் கிருஷ்ணன் பங்களித்தார். கதிரேசஞ் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலும் இவர் எழுதியதே. பழந்தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டிருந்தமையால் உயிரினங்களுக்கு மக்கள் வழக்கிலும் இலக்கியத்திலும் உள்ள தமிழ்ப் பெயர்களை நன்கு அறிந்திருந்தார்.

ஒளிப்படக் கருவி

பின்னணி

கேமரா என்று பேச்சு வழக்கில் கூறப்படும் ஒளிப்படக்கருவி அடிப்படையில் எளிய ஒரு பெட்டியே ஆகும். அதன் முன்பக்கத்தில் வில்லையும், ஒளியைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் உள்ளே விடும் மூடியும் உள்ளன. பின்பக்கத்தில் ஒளியுணரும் தகடு அல்லது படச்சுருள் இருக்கும். படம் எடுப்பவர் மூன்று செயல்களைச் செய்ய வேண்டும். முதலாவது, பொருள் தெளிவாகத் தெரியும்படி வில்லையை முன்பின் நகர்த்திக் குவியப்படுத்துவது. இரண்டாவது, வில்லையின் துளை எவ்வளவு அகலம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. மூன்றாவது, மூடி எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது.

பின்னிரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. துளையின் அளவு எஃப்/8 ஆகவும் மூடியின் நேரம் 1/125 நொடியாகவும் இருக்கும்போது விழும் அதே அளவு ஒளி, துளையை எஃப்/5.6 ஆக அகலப்படுத்தி நேரத்தை 1/250 நொடியாகக் குறைத்தாலும் விழும். முதலாவதில் கூடுதல் ஆழம் தெளிவாக இருக்கும். இரண்டாவதில் ஓடும் விலங்கின் அசைவு உறைந்து நிற்கும். இவற்றுள் எது வேண்டும் என்பது படம் எடுப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

இச்செயல்களை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. 1938 இல் கோடாக் நிறுவனம் ஒளியளவைத் தானே அமைத்துக்கொள்ளும் கருவியை வெளியிட்டது. 1959 இல் வந்த அக்ஃபா ஆப்டிமா துளை, நேரம் இரண்டையும் தானே தேர்ந்தெடுத்தது. 1977 இல் கொனிக்கா நிறுவனம் தானாகக் குவியப்படுத்தும் கருவியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985 இல் மினோல்ட்டா 7000 வெளிவந்தபின் வில்லை மாற்றக்கூடிய உயர்தரக் கருவிகளிலும் தானியக்கம் பரவியது.

இந்தியாவின் நிலை வேறாக இருந்தது. விடுதலைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் வெளிநாட்டுக் கருவிகளின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக இருந்தது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய பெட்டிக் கருவி. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் 1967 இல் உற்பத்தியைத் தொடங்கி இந்து என்னும் பெயரில் கருப்பு வெள்ளைப் படச்சுருளைத் தந்தது. நெடுந்தொலைவு வில்லை பெரும்பாலோருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது.

சூப்பர் பாண்டரோசா

இத்தகைய சூழலில் கிருஷ்ணன் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். ஒரு நிறுவனத்தின் கருவி உடலில் மற்றொரு நிறுவனத்தின் தொலைவில்லையைப் பொருத்தி, வேறு உறுப்புகளையும் துணைக்கருவிகளையும் சேர்த்து ஒன்றாக்கினார். பெரியதாகவும் கனமாகவும் இருந்த அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். பெரும்பாரம் என்னும் பொருள்பட அமைந்த பெயர் இது.

அசாம் தேயிலைத் தோட்டக்காரரும் இந்தியக் காட்டுயிர் பற்றிய நூலாசிரியருமான இ. பி. ஜீ 1950களின் இறுதியில் இக்கருவியைக் கண்டார். பல உறுப்புகளைத் திறமையாக இணைத்திருந்த விதத்தை வியந்த அவர், காலணிக் கயிற்றைக் கொண்டு கட்டியதாகத் தாம் உறுதி கூற இயலாவிட்டாலும் எங்கேனும் கம்பியும் வளையமும் இருந்திருக்கும் என்று நகைச்சுவையாகப் பதிவு செய்தார்.

வேறொரு நிறுவனத்தின் வில்லையைக் கருவியில் பொருத்தும்போது சில வசதிகளை இழக்க நேரிடும். வில்லைக்கும் உடலுக்கும் இடையே இயங்கும் இணைப்பு இராது. துளையை முழுதாகத் திறந்து குவியப்படுத்தியபின், வளையத்தைக் கையால் திருப்பித் தேவையான அளவுக்குச் சுருக்கி, அதன்பின் மூடியை இயக்க வேண்டும். யானையோ காட்டெருதோ எதிரே நிற்கும்போது இவற்றை வரிசை தவறாமல் செய்தாக வேண்டும். தொலைவில்லை உருவத்தைப் பெரிதாக்குவதுபோலக் கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும். எனவே கருவியின் கனமேகூட ஓரளவு பயன்பட்டது. கனமான கருவி எளிதில் அதிராது.

கையியக்கமும் தானியக்கமும்

எளிய கையியக்கக் கருவியால் காட்டில் நற்படம் எடுக்க இயன்றதற்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. தானியங்கி ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்ற எடுகோளில் இயங்குகிறது. காட்சியின் பெரும்பகுதியைக் கரிய யானையோ காட்டெருதோ நிறைத்திருந்தால், ஒளி போதவில்லை என்று கருவி முடிவு செய்து மிகையான ஒளியை உள்ளே விடும். விலங்கு வெளிறித் தெரியும். வேடந்தாங்கலில் வெண்கொக்குகள் நிறைந்த மரத்தை எடுக்கும்போது இதற்கு மாறாக ஒளி குறைந்து, கொக்கின் வெண்மை சாம்பலாகிவிடும். விலங்கின் உண்மையான நிறத்தை அறிந்தவர் கையால் அமைக்கும்போது இத்தவறு நேர்வதில்லை.

தானாகக் குவியப்படுத்தும் அமைப்புக்கும் வரம்பு உண்டு. மூங்கில் புதருக்குப் பின்னால் கடமான் நிற்கும்போது, தொடக்ககாலத் தானியங்கிக் கருவிகள் முன்னால் இருக்கும் மூங்கில் இலையையே தெளிவாக்கின. கிளைகளுக்கிடையே விலங்கின் கண்ணைத் தேடிக் குவியப்படுத்துவது மனிதக் கையால் இயன்றது.

சுருளின் அளவும் கட்டுப்பாடாக அமைந்தது. 120 வகைப் படச்சுருளில் 6 செ.மீ. சதுரத்தில் 12 படங்களே எடுக்க முடியும். எனவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் காத்திருப்பதும் தேர்ந்தெடுப்பதும் கட்டாயமாயின. இதன் மறுபக்கத்தையும் குறிப்பிட வேண்டும். மங்கிய ஒளியில் விரைந்து பாயும் விலங்கு, வானில் திரும்பும் பருந்து போன்றவற்றைப் பொறுத்தவரை கையியக்கக் கருவிகள் பெரும்பாலும் தோல்வியுற்றன. இத்துறையில் தானியக்கம் கொண்டுவந்த முன்னேற்றம் மறுக்க முடியாதது.

தானியக்கத்தின் வேறொரு வடிவம் இந்தியக் காடுகளுக்கு மிகவும் முன்னரே வந்துவிட்டது. ஐக்கிய மாகாண வனத்துறை அலுவலரான எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் இமயமலை அடிவாரக் காடுகளில் விலங்கின் கால் இடறும் கம்பியைக் கருவியுடன் இணைத்து, இரவில் புலிகள் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அம்முறையின் தொடர்ச்சியே இன்றைய தானியங்கிக் கேமராப் பொறிகள் ஆகும். 2018 ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைக்கப்பட்ட இத்தகைய கருவிகள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பதிவு செய்தன. அவற்றுள் புலிகள் இருந்தவை 76,651. புலிகளை எண்ணுவதற்கு இம்முறைக்கு ஈடில்லை. ஆனால் கிருஷ்ணனின் நோக்கம் வேறாக இருந்தது. விலங்கு இருந்தது என்பதை மட்டுமன்றி அது என்ன செய்தது, ஏன் செய்தது என்பதையும் அவர் அறிய விரும்பினார். அதற்குக் கருவியின் பின்னால் ஒரு பார்வையாளர் இருந்தாக வேண்டும்.

ஒளிப்பட முறை

கிருஷ்ணன் காட்டில் பெரும்பாலும் நடந்தே சென்றார். முதுமலை போன்ற இடங்களில் பழக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்தும் படமெடுத்தார். காட்டு விலங்குகள் ஊர்தியையும் மனிதனையும் கண்டு விலகுவதைப்போல வளர்ப்பு யானையைக் கண்டு விலகுவதில்லை. மனித மணமும் ஓரளவு மறைக்கப்படுகிறது. எனினும் யானை ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். மூச்சு விடுவதும் காதை ஆட்டுவதும் மேலே அமர்ந்திருப்பவரின் கருவியை அசைக்கும். அந்த அசைவுக்கு இடையில் கிடைக்கும் நொடியைக் கணித்து மூடியை இயக்குவது பயிற்சியால் மட்டுமே கைவரும்.

இறுதிவரை அவர் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வண்ணப் படச்சுருள் 1930களிலேயே வந்துவிட்டாலும், தொடக்ககால வண்ணச் சுருள்களின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. மரநிழல் அடர்ந்த காட்டில் அவற்றுக்கு வேண்டிய ஒளி கிடைப்பதில்லை. 1950களில் வந்த விரைவுக் கருப்பு வெள்ளைச் சுருள்கள் அதே ஒளியில் பன்மடங்கு குறைந்த நேரத்தில் படத்தைப் பதிவு செய்தன. வண்ணச் சுருளைக் கழுவ ஆய்வகத்தை நாட வேண்டியிருந்தது. கருப்பு வெள்ளைச் சுருளை வீட்டு இருட்டறையிலேயே கழுவி அச்சிடலாம். கிருஷ்ணனும் தம் படங்களைத் தாமே கழுவி அச்சிட்டார். அக்காலச் செய்தித்தாள்கள் கருப்பு வெள்ளையிலேயே அச்சாயின என்பதையும் கருதலாம்.

கோட்டோவியத்தில் பயின்ற அவரது கண்ணுக்கு உருவமும் ஒளிநிழலும் முதன்மையாக இருந்தன. தோல் மடிப்பு, தந்தத்தின் வளைவு, காதின் கிழிசல், கொம்பின் விரிவு ஆகியவை அவரது படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. இவை ஒரு விலங்கை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் அடையாளங்கள் ஆகும்.

கள ஆய்வு

1968 ஆம் ஆண்டில் கிருஷ்ணனுக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய சூழியல் ஆய்வை மேற்கொண்டார். ஆய்வின் முடிவுகள் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்து, 1975 இல் நூல் வடிவம் பெற்றன. 1959 முதல் 1970 வரையிலான காலத்தில் யானை, காட்டெருது, மான் இனங்கள், குரங்குகள், ஊனுண்ணிகள் முதலியவற்றின் நிலையை இந்நூல் பதிவு செய்கிறது.

இப்பதிவின் மதிப்பு அதன் காலத்தில் அடங்கியுள்ளது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1973 இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வருவதற்கு முந்தைய காலம் அது. வேட்டையும் மரவெட்டும் அணைக்கட்டுகளும் தோட்டப் பயிர்களும் காடுகளை வேகமாகக் குறைத்துவந்தன. அப்போது எத்தகைய விலங்குகள் எங்கே எவ்வாறு வாழ்ந்தன என்பதைப் படத்துடனும் குறிப்புடனும் பதிந்தவர்கள் மிகச் சிலரே. பின்னர் வந்த ஆய்வாளர்கள் தம் காலத்து நிலையை ஒப்பிட்டுப் பார்க்க இவ்வகைப் பதிவுகள் அடிப்படையாக அமைகின்றன.

பாதுகாப்பு பற்றிய கருத்துகள்

ஒரு நாட்டின் அடையாளம் அதன் மொழி, கலை, கட்டடங்களில் மட்டுமன்றி அந்நிலத்துக்கே உரிய தாவரங்களிலும் விலங்குகளிலும் அமைந்துள்ளது என்று கிருஷ்ணன் கருதினார். அயல்நாட்டு அழகு மரங்களைச் சாலையோரங்களிலும் காடுகளிலும் நடுவதை எதிர்த்தார். ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் கால்நடை மேய்ச்சல் உள்ளிட்ட மனிதத் தலையீடு கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். காடுகளைச் சார்ந்து வாழும் மக்களின் உரிமை பற்றிய விவாதங்கள் பிற்காலத்தில் வலுப்பெற்றபோது, இத்தகைய கடுமையான நிலைப்பாடு திறனாய்வுக்கும் உள்ளாயிற்று. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா இவரது எழுத்துகளைத் தொகுத்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் உறுப்பினராக இருந்து அரசுக்கு அறிவுரை வழங்கினார். ஆயினும் ஊதியம் பெறும் அரசுப் பதவி எதையும் ஏற்காததால் அரசின் முடிவுகளைத் தம் பத்தியில் தயக்கமின்றி விமரிசிக்க அவரால் முடிந்தது.

விருதுகளும் சிறப்புகளும்

1960 - பத்மஸ்ரீ விருது
1968 - ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை
1995 - ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 சிறப்புப் பட்டியலில் இடம்

மறைவு

கிருஷ்ணன் 1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அவருக்கு வயது 83. அவரது பத்தி அன்றைய தி ஸ்டேட்ஸ்மன் இதழிலும் வெளிவந்திருந்தது. 46 ஆண்டுகளாகத் தொடர்ந்த எழுத்து அத்துடன் நிறைவுற்றது.

நினைவும் தாக்கமும்

கிருஷ்ணனின் ஒளிப்படங்களும் எழுத்துகளும் அடங்கிய ஐ இன் தி ஜங்கிள் என்னும் பெருந்தொகுப்பு 2006 இல் வெளிவந்தது. ஆஷிஷ் சந்தோலா, சாந்தி சந்தோலா ஆகியோர் அதன் தொகுப்பாசிரியர்களுள் அடங்குவர். பறவைகள் பற்றிய இவரது கட்டுரைகளின் தொகுப்பு இவரது நூற்றாண்டான 2012 இல் வெளியிடப்பட்டது. சென்னை இயற்கையியலாளர் சங்கம் இவர் பெயரில் இயற்கை எழுத்துக்கான நினைவு விருதை ஏற்படுத்தியுள்ளது.

இவர் பிறந்த மாவட்டத்தின் மேற்கு மலைகள் இவரது வாழ்நாளிலும் அதன் பின்னரும் படிப்படியாகப் பாதுகாப்புக்குள் வந்தன. முண்டந்துறை 1962 இல் புலிகள் உய்விடமாகவும், களக்காடு 1976 இல் உய்விடமாகவும் அறிவிக்கப்பட்டு, 1988 இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அதே 1988 இல், வாசுதேவநல்லூருக்கு வடக்கே திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலையில் சாம்பல்நிற அணிலுக்கான உய்விடம் அமைந்தது. இது 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். இவ்விரண்டுக்கும் இடையே தென்காசிப் பகுதி மலைக்காடுகளில் நெல்லை காட்டுயிர் உய்விடம் 2015 இல் அறிவிக்கப்பட்டது.

இன்று இம்மலையடிவார ஊர்களில் மாணவர்களின் கையிலுள்ள செல்பேசிகூட, குவியம், துளை, நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நொடிக்குள் தானே தீர்மானித்து நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துத் தருகிறது. கருவி கிடைக்காமையே தடையாக இருந்த கிருஷ்ணனின் காலம் கடந்துவிட்டது. மாறாக, நல்ல படத்துக்காக விலங்கை நெருங்கித் துன்புறுத்துவதும், கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டுவதும், பதிவு செய்யப்பட்ட ஒலியால் பறவையை அழைப்பதும் புதிய சிக்கல்களாக எழுந்துள்ளன. கிளை வெட்டப்பட்ட கூட்டில் வெயிலும் காகமும் குஞ்சுகளைக் கொன்றுவிடக்கூடும். ஒளியளவையும் குவியத்தையும் கருவி பார்த்துக்கொள்ளும். எவ்வளவு தொலைவில் நின்றுவிட வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அதற்கு விலங்கின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். கிருஷ்ணனின் நூல்கள் இயற்கை ஆர்வலர்களால் இன்றும் படிக்கப்படுவதற்கு அவ்வறிவை எளிய நடையில் அவை தருவதும் ஒரு காரணம் ஆகும்.